போர் நடக்கும் ஊரிலிருந்து வந்த மகன்

அன்று காலை நான் பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போரின் காரணங்களைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். கூட்டணிகள், தேசிய வெறி, காலனிகளுக்கான போட்டி, பால்கன் சிக்கல் என்று பலகையில் எழுதிவிட்டு, 'உடனடிக் காரணம்' என்று போட்டு அடிக்கோடு இழுத்தேன். அப்போது பள்ளி ஆயாம்மா வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், உங்க வூட்டுக்காரரு ஆபீஸ் போனுக்கு அடிச்சாரு. உங்க செல்லைப் பாக்கச் சொன்னாரு. அர்ஜென்டாம்."

செல்போன் ஸ்டாஃப் ரூமில் கைப்பைக்குள் இருந்தது. நான் உடனே ஓடவில்லை. ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என்ன செய்தியாக இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

என் மகன் அப்போது உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். நாட்டின் கிழக்கே, எல்லைக்குப் பக்கத்திலிருந்த ஒரு நகரம். போர் வரும், வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்ததால், புறப்பட்டு வந்துவிடு என்று பல நாட்களாகக் கெஞ்சியிருந்தோம். வருகைப்பதிவு போய்விடும், இங்கே யாருமே பயப்படவில்லை, கடைகளெல்லாம் திறந்திருக்கின்றன என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

போனில் அவனுடைய வாய்ஸ் மெசேஜ் இருந்தது. "அம்மா, விடியக்காலைல குண்டு போட்டுட்டாங்க. நாங்க பேஸ்மென்ட்ல இருக்கோம். எனக்கு ஒண்ணும் ஆகல. சார்ஜ் சேவ் பண்ணணும், அதனால அடிக்கடி பேச மாட்டேன். அப்பாகிட்ட டிவி பாக்க வேணாம்னு சொல்லு."

தலைமை ஆசிரியை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுக்கவில்லை. பெருங்களத்தூர் வீட்டில் என் கணவர் கிண்டி ஆபீசுக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தார். அந்தச் சத்தத்தைவிடப் பள்ளிக்கூடச் சத்தம் எனக்குத் தேவலையாக இருந்தது. தினமும் போனேன். பாடம் எடுத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மிஸ்" என்பார். சாப்பிடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லியிருக்க முடியாது.

வருடா வருடம் அந்தப் பாடத்தில் யாராவது ஒரு பிள்ளை ஒரே கேள்வியைக் கேட்கும். "ஒருத்தரைச் சுட்டதுக்கா மிஸ் இவ்ளோ பேர் செத்தாங்க?" அதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. அது வெறும் தீப்பொறி, வெடிமருந்து ஏற்கெனவே குவிந்து கிடந்தது என்பேன். அந்த வருடமும் ஒரு பெண் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

வீட்டில் என் கணவரும் காரணங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ராணுவக் கூட்டணி, எரிவாயுக் குழாய், பழைய சாம்ராஜ்யம், மொழிப் பிரச்சினை என்று டிவியில் யார் எதைச் சொன்னாலும் கேட்டுவைத்துக்கொண்டு, நான் செருப்பைக் கழற்றும் முன்பே எனக்கு விளக்குவார். நான் வகுப்பில் எழுதிப்போடும் தலைப்புகளேதான். நாடுகளின் பெயர்களை மாற்றினால் போதும். அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் இருந்தால் அவர் அழுதுவிடுவார் என்று தோன்றியது.

மகனும் அவன் நண்பன் ஒருவனும் அங்கே ஓர் அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் பேருந்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன், என் மகனைவிடச் சில வயது மூத்தவன், கார் மெக்கானிக். சத்தம் கேட்ட முதல் நிமிடமே அந்த அம்மா என் மகனை எழுப்பி, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ரொட்டியையும் ஊறவைத்த வெள்ளரிக்காய் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் ரயில் பிடிக்கக் கிளம்பிய அன்று, தன் மகனுடைய கனமான ஜாக்கெட்டை என் மகனுக்குப் போட்டுவிட்டார். அந்த மகனே ஜிப்பை இழுத்துவிட்டானாம். என் மகன் ரயிலில் நின்றுகொண்டே மேற்கு எல்லைக்குப் போய், பனியில் வரிசையில் நின்று, பக்கத்து நாட்டுக்குள் நுழைந்து, டெல்லி வழியாக மீனம்பாக்கம் வந்து சேர்ந்தான்.

விமான நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. யாரோ ஒரு பிரமுகர் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சால்வை போட்டார். என் கணவர் மகனைக் கட்டிக்கொண்டு உடைந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவன் இளைத்திருந்தான், கையில் அந்த ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்திருந்தான். "பசிக்குதாடா?" என்றேன். "இல்லம்மா" என்றான். மார்ச் மாத வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வீட்டுக்கு வந்தோம்.

கேட்டில் வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னா தம்பி, நல்லா கீறியா? டிவில காட்டிகினே இருந்தாங்க, எனுக்கு ஒரே பேஜாரா பூட்ச்சுப்பா."

"நல்லா இருக்கேண்ணா" என்றான் மகன்.

அடுத்த நாள் காலை எழுந்து பார்த்தபோது அவன் தன் அறையில் இல்லை. ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் குறுகிய நடையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அங்கே ஃபேன்கூடக் கிடையாது.

"ஏன்டா இங்க?"

"வெளிப்பக்கத்துக்கும் நமக்கும் நடுவுல ரெண்டு சுவர் இருக்கணும்மா. முதல் சுவர் இடிஞ்சாலும் ரெண்டாவது தாங்கும். என் ரூம்ல ஒரு சுவர்தான், அதுலயும் ஜன்னல்."

"இங்க யாருடா குண்டு போடப் போறாங்க?"

"தெரியும்மா" என்றான். ஆனாலும் பல மாதங்கள் அங்கேதான் படுத்தான். நாங்கள் அவனைத் தாண்டித் தாண்டிக் குளியலறைக்குப் போய்வந்தோம். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் தாழப் பறந்தபோது அவன் திடுக்கிடுவான் என்று பயந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே எது என்ன என்று தெரிந்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றி ஆராதனை வைத்தார்கள். பாஸ்டர் அவனைச் சாட்சி சொல்ல மேலே அழைத்தார். போகமாட்டான் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

"நாங்க பத்திரமா வந்துட்டோம். எங்ககூட அதே பேஸ்மென்ட்ல இருந்தவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க."

அதற்கு மேல் ஏதோ சொல்லப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டான்.  பிறகு யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள், எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள், கீபோர்டு தொடங்கியது. நானும் பாடினேன்.

அந்த வாரம்தான் திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன், ஒரு தாளை எடுத்து வாசித்தான். முதல் உலகப்போரின் காரணங்கள்.

"இதுக்கு எவ்ளோ மார்க்?"

"அஞ்சு."

"நல்லாத்தான் எழுதியிருக்கான். எத்தனை பேர் செத்தாங்கன்னு எழுதவே இல்லையே, குறைப்பியா?"

"காரணம்தானே கேட்டிருக்கு. செத்தவங்க கணக்கு விளைவுல வரும். அது வேற கேள்வி."

"ஓ" என்றான். தாளைக் கட்டின் அடியில் சரியாகச் செருகிவிட்டு, தன் டம்ளரைக் கழுவப் போனான். நான் அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

படிப்பு நின்றுபோனது. அவன் நண்பர்கள் சிலர் வேறு நாட்டுக் கல்லூரிகளுக்கு மாறினார்கள், சிலர் போர் நடக்கும்போதே திரும்பிப் போனார்கள். இவன் எதற்கும் அசையவில்லை. கடைசியில் நாவலூரில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்தான். அமெரிக்க நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. கம்பெனி வேன் ஜங்ஷனில் ஏற்றிக்கொள்ளும்.

"போர்ல அடிபட்டா அதுக்கும் தனியா கோடு இருக்கும்மா" என்றான் ஒருநாள். "குண்டுல அடிபட்டதா, தீயிலயா, இடிஞ்சு விழுந்ததுலயான்னு பிரிச்சுப் பிரிச்சு."

"நீ போட்டிருக்கியா?"

"இல்ல. எங்களுக்கு வர்றது எல்லாம் சுகர், முட்டி வலி."

அந்த வீட்டுக்கார அம்மாவோடு மட்டும் அவன் பேசிக்கொண்டிருந்தான். அவன் கற்றுவைத்திருந்த அரைகுறை ரஷ்ய மொழியில்தான். மொழிப் பிரச்சினைதான் போருக்கு மூலகாரணம் என்று என் கணவர் ஒருமுறை சொன்னபோது, "அந்த ஆன்ட்டி வீட்ல பேசறதும் ரஷ்யன்தாம்ப்பா. குண்டு போடறவங்க பேசறதும் அதேதான்" என்றான். கணவர் அதைப் பற்றிச் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அது இன்னும் சிக்கலான விஷயம் என்று தொடங்கினார். மகன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அந்த அம்மாவின் மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக, போர் தொடங்கிய முதல் வருடமே என் மகன் சொல்லியிருந்தான். வண்டிகளை ரிப்பேர் செய்யும் வேலைதான், சண்டை போடும் இடத்துக்கு அனுப்பமாட்டார்கள் என்று அந்த அம்மா நம்பினாராம். அதற்கப்புறம் நீண்ட நாட்கள் அவனைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நெத்திலி வறுவல். மகன் போனைப் பார்த்துவிட்டு அதைக் குப்புற வைத்தான்.

"ஆன்ட்டியோட பையன் செத்துட்டான்மா."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "எப்ப? எப்படி?"

"போன வாரம். ரிப்பேர் பண்ற இடத்துலயே ட்ரோன் விழுந்திருக்கு."

  அத்தனை வருடமாக என் கணவர் சேர்த்துவைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அன்று வெளியே வரவில்லை. மகன் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டான். பிறகு கேட்டான். "அந்த ஜாக்கெட் எங்கம்மா இருக்கு?"

"பரண்ல. பெரிய சூட்கேஸ்ல. எடுக்கட்டுமா?"

"வேணாம். இருக்குதான்னு கேட்டேன்."

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் அந்த அம்மாவை வீடியோவில் கூப்பிட்டான். நானும் பேச வேண்டும் என்றேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. மகன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தான்.

நான் நினைத்திருந்ததைவிட அவர் வயதில் சிறியவராக இருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சமையலறை, பின்னால் ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கையைக் கூப்பினேன், அது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. அவர் ஏதோ கேட்டார்.

"சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க" என்றான் மகன்.

"சாப்ட்டேன்னு சொல்லு. அவங்க?"

அவரும் சாப்பிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் பேசினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மகன் இடையிடையே "தா, தா" என்று ஆமோதித்தான், மொழிபெயர்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது என்று எழுதினால் அது பொய். ஒன்றும் இல்லை. நாற்காலியின் பிரம்பு முதுகில் அழுத்தியது, அது தெரிந்தது.

அழைப்பு முடிந்ததும் கேட்டேன். "என்னடா சொன்னாங்க இவ்ளோ நேரம்? பையனைப் பத்தியா?"

"இல்லம்மா. அவன் ரூம்ல இப்ப ஒரு குடும்பத்தைத் தங்க வச்சிருக்காங்களாம். வேற ஊர்ல வீடு போனவங்க. கைக்குழந்தை இருக்காம். அது விடாம அழுதுகிட்டே இருக்காம், கொஞ்சம்கூடத் தூங்க முடியலையாம். பல்லு முளைக்குதா, வயித்து வலியான்னு தெரியலையாம். இந்தியால இதுக்கு என்ன குடுப்பீங்கன்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாங்க."

"அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீதான் தலையாட்டிக்கிட்டே இருந்தியே."

ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஒரு சங்கு கொடுக்கச் சொல் என்றேன். ஓமத்துக்கு ரஷ்ய மொழியில் என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. போனில் தேடிப் படம் ஒன்றை எடுத்து அவருக்கு அனுப்பினான். அங்கே அது கிடைக்குமா என்று கேட்டேன். சோம்பு நிச்சயம் கிடைக்கும் என்றான். சரி, சோம்பு போதும் என்றேன்.