மைக்கில் நான் சொல்லாத பெயர்

எஸ்தர் அக்கா போய்விட்டார். காலையில் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வரி... கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

2005-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லாமல் விட்ட பெயர் அது.

சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். எங்கள் அம்மாவுக்கு ரத்தம் கொடுத்தது எஸ்தர் அக்கா.

அப்போதுதான் ப்ளஸ் ஒன் முடித்திருந்தேன். மரக்காணத்தில் எங்கள் சபை சின்னது. ஷீட் போட்ட ஒரு ஹால். ஊர்க்காரர்கள் நாங்கள் ஃபேனுக்குக் கீழே, காலனிக்காரர்கள் கதவோரம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

எஸ்தர் அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. ஹாலுக்குள் அவர் எங்களுக்கு "சிஸ்டர்". வெளியே வந்து செருப்பை மாட்டியதும் "ஏ எஸ்தரு". இங்கே அக்கா என்று எழுதுகிறேன்... நேரில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வாரம் முழுக்க ஆண்டவர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வதுதான் சாட்சி. சிலர் பத்து நிமிஷம் பேசுவார்கள். எஸ்தர் அக்காவின் சாட்சிதான் சபையிலேயே சின்னது.

"ஸ்தோத்திரம். இந்த வாரமும் மழ வரல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் பாத்தியில் இருக்கிற உப்பு கரைந்துவிடும். வேலையும் போய்விடும்.

கொல்லையில் மணிலாக் கடலை பயிர் போட்டிருந்த ஒரு பிரதர் அவரை விடவே மாட்டார். "ஏம்மா, நாங்க மழைக்கு முட்டி போட்டு ஜெபம் பண்றோம். நீ வரலன்னு ஸ்தோத்திரம் சொல்றியே... ஆண்டவர் யாரு பேச்சத்தாம்மா கேப்பாரு?"

"உங்க கொல்லையில பெய்யட்டும் பிரதர், யாரு வேணாம்னது? எங்க பாத்தி எதுன்னு அவருக்குத் தெரியாதா?"

அந்த மே மாதம் அம்மாவுக்குப் பாண்டியில் கர்ப்பப்பை ஆபரேஷன். ஏற்கெனவே நிறைய ரத்தம் போயிருந்தது. ஓ நெகட்டிவ். அண்ணனுக்குச் சேரவில்லை, அவன் ஃபிரெண்ட்ஸ் யாருக்கும் சேரவில்லை. சபையில் சொல்லி ஜெபம் பண்ணினார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எஸ்தர் அக்கா வந்து நின்றார். சேலை ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"எம் பொண்ணு பொறந்தப்பவே டாக்டரம்மா சொன்னாங்க பாப்பா, ஒனக்கு லேசுல கெடைக்காத ரத்தம்னு. அதான் வந்தேன்."

நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். அக்கா தூக்குச்சட்டியோடு மெஷினில் ஏறிவிட்டார்.

"அத கீழ வைம்மா!"

"கஞ்சி வயித்துல இருந்தா எடை, கையில இருந்தா எடை இல்லியா?"

கீழே வைத்தார். நாற்பத்தாறு காட்டியது. நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் முதல்முறையாக.

ரத்தம் கொடுத்த கையை மடக்கியபடியே, பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டார். தேங்க்ஸ் சொன்னேனா... நினைவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் சாட்சியை நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன், எஸ்தர் சிஸ்டர் பேரைச் சொல்லட்டுமா என்று.

"மகிமை கர்த்தருக்குத்தான்டி. மனுஷங்களப் பொகழக் கூடாது."

பிறகு கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள். "ஒங்க அண்ணனுக்குப் பொண்ணு பேசியிருக்குது. நாளைக்கு அந்த வீட்டுக்காரங்களும் வர்றாங்க. காலனிப் பொம்பள ரத்தம் ஒங்கம்மா ஒடம்புல ஓடுதுன்னு மைக்குல சொல்லப் போறியா?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் சொன்னது இதுதான்: "அம்மாவுக்குத் தேவையான ரத்தத்தைக் கர்த்தர் கிடைக்கச் செய்தார். அவருக்கே ஸ்தோத்திரம்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கதவோரத்திலிருந்தும் ஒரு ஆமென் வந்தது... சத்தமாகவே.

கொஞ்ச நேரத்தில் மைக் அவரிடம் போனது. சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

"ஸ்தோத்திரம். இந்த வாரமும் மழ வரல."

வியாழக்கிழமை கோடை மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. உப்பளம் முழுக்கத் தண்ணீர், வாரிக் குவிக்காத உப்பெல்லாம் கரைந்துபோனது.

அடுத்த ஞாயிறு மைக் கதவோரம் போனதும் ஹாலே திரும்பிப் பார்த்தது, இன்றைக்கு என்னதான் சொல்வார் என்று. மணிலா பிரதர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஸ்தோத்திரம். லில்லியம்மா எழுந்து நடக்கறாங்க."

லில்லியம்மா எங்கள் அம்மா. அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக ஆராதனைக்கு வந்திருந்தாள். ஃபேனுக்குக் கீழே. பாட்டுப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

அண்ணன் கல்யாணம் 2006-ல் நடந்தது. சபையில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வைத்தோம். ஃபேனுக்குக் கீழே உட்காருகிற எல்லா வீட்டுக்கும்.

போய் வாங்க, அக்கா.