வெளியூர் நம்பர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அவர் மனைவி சொல்வாள். அது பிறவிக் குணம் இல்லை, அவருடைய காரின் நம்பர் பிளேட் கொண்டுவந்து சேர்த்தது. பதினெட்டு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறார். கல்யாணம், பிள்ளை, வீடு எல்லாம் இங்கேதான். கார் மட்டும் வெளியூரில் வாங்கிய பழைய கார். பிளேட்டின் முதல் எழுத்துகளே அந்த ஊரைத் தண்டோரா போட்டுவிடும். சிக்னலில் பின்னால் நிற்பவன் அரை நொடி பொறுக்கமாட்டான். ஓரமாக நிறுத்தினாலோ, கேட்காமலே யாராவது வழி சொல்ல வந்துவிடுவார்கள். நம்பரை மாற்ற நாயாய் அலைந்தார். இங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ் அங்கிருந்து கடிதம் கேட்டது. இங்கிருந்து கடிதம் வந்தால் தருகிறோம் என்றது அங்குள்ள ஆபீஸ். வண்டி எங்கே பிறந்தால் என்ன, ஓட்டுகிறவன் எங்கே குடியிருக்கிறான் என்பதல்லவா முக்கியம் என்று கேட்டதற்கு, குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று காலை ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே குடியிருப்போர் சங்கச் செயலாளர், தனியாக. மூச்சு முட்டுகிறது என்று மெக்கானிக்கிடம் போனில் நடுங்கினார், அதோடு போனில் சார்ஜும் தீர்ந்துபோயிற்று. மெக்கானிக் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் புது வாட்ச்மேன் தடுப்புக் கம்பியைத் தூக்கவில்லை. போன மாதம் யாரோ பேட்டரி திருடியதிலிருந்து வெளியூர் நம்பர் வண்டிகளுக்கு அனுமதி கிடையாதாம். செயலாளர் சொன்னால்தான் விடமுடியுமாம்.

"அந்தச் செயலாளர்தான்யா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு."

"அப்ப அவரு வெளிய வந்ததும் கேட்டுச் சொல்றேண்ணே."

மெக்கானிக்குக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். இப்போது வாட்ச்மேன் ஒன்றுமே கேட்காமல் சலாம் வைத்து உள்ளே விட்டான். நடந்து வருகிற ஆளுக்கு நம்பர் கிடையாதே.

மேலே ஏறி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்ததும், செயலாளர் தொப்பலாக வியர்த்து வெளியே வந்தார். நன்றி சொல்வார் என்று பார்த்தால் வள்ளென்று விழுந்தார். கூப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்றாம், செத்திருந்தால் யார் பொறுப்பாம்.

மெக்கானிக் வேலைச் சீட்டை நிரப்பினார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'வெளியூர் நம்பர், வண்டியை உள்ளே விடவில்லை' என்று எழுதி நீட்டினார். சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் லிஃப்டை மறுபடி ஓடவிடக் கூடாது என்பது கம்பெனி விதி. படித்ததும் செயலாளரின் முகம் சுண்டிப்போயிற்று.

"நாங்க யாரை நம்பறது? நம்பரைப் பாத்தாதானே ஆளு எந்த ஊருன்னு தெரியும்? ஆறு வருஷமா இங்க இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?"

மெக்கானிக்குக்கு வந்தது அவமானமா ஆத்திரமா, அவருக்கே தெரியவில்லை.

"இந்த லிஃப்டை மாட்டினதே நான்தான் சார். அப்ப இந்தக் கட்டடத்துக்குச் சுவர்கூடப் பூசல."

செயலாளர் படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அவர் வீடு ஒன்பதாவது மாடியில். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.