ஆமைக்குத் துணை தேடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு ஆமையை என் மனைவியின் தமையன் வன்னியிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் கொழும்புத்துறையில் குடியேறிய புதிது. அது தரையில் திரியும் ஆமை. ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். எங்களுடைய ஒரே மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குத் துணை என்று சொல்லி முற்றத்தில் விட்டார்.

துணையாயிருக்க அது எந்த முயற்சியும் செய்யவில்லை. செவ்வரத்தம்பூ போட்டால் வரும். யார் போட்டாலும் வரும். தின்று முடிந்ததும் வேலியோரம் போய்விடும். மகள் பக்கத்தில் குந்தியிருந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

நான் எதற்கும் பயப்படுகிறவன். ஆமை கடிக்குமா, அதனால் காய்ச்சல் வருமா, பிள்ளை அதில் தடக்கி விழுவாளா என்றெல்லாம் யோசித்தேன். கிணற்றை யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பூச்சி புழுவைத் தின்னட்டும் என்று ஓர் ஆமையை விட்டு வைப்பார்கள். எங்கள் கிணற்றிலும் கறுப்பாக ஒன்று கிடந்தது. அது நீந்தும். முற்றத்து ஆமை நீந்தாது; தாழ்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமையன் சாப்பிட வந்தார்.

"என்ன பிள்ளை, உன்ரை ஆமை உம்மெண்டு கிடக்குது?"

"அது எப்பவும் அப்பிடித்தான் மாமா."

"தனிய விட்டால் ஏங்கிப் போகும். கிணத்துக்குள்ளை ஒண்டு குமராக் கிடக்குதெல்லே, பேசிக் கலியாணம் செய்து வைப்பமே?"

"பிள்ளைக்கு உதுகளைச் சொல்லாதையுங்கோ அண்ணை," என்றாள் மனைவி.

"சும்மா பகிடிக்கு."

அவர் தன் ஊரான கரவெட்டிக்குப் புறப்பட்டுப் போனார். மனைவி படுத்திருந்தாள். நான் வீட்டு வளவின் பின்பக்கம் போனேன். மகள் கிணற்றுக்கட்டில் வயிறு பட நின்று துலாக்கயிற்றைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். வாளி பாதிக் கிணறு இறங்கியிருந்தது. வாளிக்குள் ஆமை. துலாவின் மறுநுனியில் கட்டிய பாரம் கனமானது; கயிற்றை விட்டால் வாளி மேலே எழும்பிவிடும். கயிறு இறங்க அவள் முழு உடம்பையும் முன்னே சாய்க்க வேண்டியிருந்தது. கால்விரல்கள் மட்டும் நிலத்தில் பட்டன.

கத்தினால் திரும்புவாள். திரும்பினால் விழுவாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று அயலவர் ஒருவர் விசாரிப்பது போலக் கேட்டேன்.

"மாப்பிள்ளையை இறக்கிறன் ஐயா."

"நல்லது. இனி இழுக்காதை, அப்பிடியே நில். நானும் பாக்க வாறன்."

"கெதியா வாங்கோ. பொம்பிளை மேலை வந்திட்டுது."

நான் கெதியாகப் போகவில்லை. அவ்வளவு மெதுவாக அந்த வளவில் நான் நடந்ததே இல்லை. கிட்டப் போனதும் இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்தேன். அவள் கயிற்றை விட்டாள். வாளி விர்ரென்று மேலே வந்து எங்கள் தலைக்கு மேல் ஆடியது. ஆமை அதற்குள் பீச்சியிருந்தது. கிணற்று ஆமை சற்று நேரம் மேலே பார்த்துவிட்டுத் தாழ்ந்தது.

"அதுக்குப் பிடிச்சபடியால்தானே வந்தது!" என்று மகள் அழுதாள். அவளைப் பிடித்தபடியே கிணற்றடிச் சேற்றில் இருந்துவிட்டேன்.

கேள்விப்பட்ட தமையன் அடுத்த கிழமை இன்னொரு சாக்குடன் வந்தார். அதிலும் ஒரு தரை ஆமை.

"இனிக் கிணத்தடிக்குப் போகத் தேவையில்லை மச்சான்."

எங்கள் ஆமை வேலியோரத்திலிருந்து நேரே வந்தது.

"பாத்தியோ, வரவேற்க வருகுது."

அது வந்த வேகத்தில் புது ஆமையை ஓட்டால் இடித்தது. மறுபடி இடித்தது. விருந்தாளி மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. எங்களுடையது திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் விருந்தாளியை நிமிர்த்திவிட்டேன். எங்களுடையது திரும்பவும் எழும்பி வந்தது. தமையன் விருந்தாளியைத் தூக்கிச் சாக்கில் போட்டார்.

"சம்பந்தம் சரிவராது," என்றார்.

அவர் போனபின் மகள் கேட்டாள்.

"அப்ப அதுக்குத் தனிய இருக்கத்தான் விருப்பமோ ஐயா?"

"ஓம் போலை கிடக்கு."

"பயப்பிடாதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் என்னை மட்டும் தனிய விடுறியள் இல்லை? கக்கூசுக்கும் பின்னாலை வாறியள்."

அது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். மனைவி குசினி அடுப்படியில் சிரிப்பது கேட்டது. இனி வளவுக்குள் தனியாகத் திரியலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் போனாள். நான் குசினிக்குள் போனேன். குசினி யன்னலால் பார்த்தால் கிணறு தெரியும்.

அவளுக்கு இப்போது பதினாறு வயது; சீனியர் வகுப்புப் படிக்கிறாள். நான் பின்னேரத் தேத்தண்ணியை அந்த யன்னலடியில் நின்றுதான் குடிக்கிறேன்.