பிரெஞ்சில் ஒரு பெரட்டு

2010ஆம் ஆண்டு, வைகாசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் சுலக்ஷனாவை முதன்முதலாகச் சந்தித்தேன். இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் நான் தமிழ் கற்பித்துவந்த பாடசாலையில், மாலை வேளையில் பிரெஞ்சு வகுப்பு நடத்த ஓர் அருட்சகோதரி முன்வந்திருந்தார். பதினைந்து பேர் சேர்ந்தால்தான் அனுமதி என்றார் பாடசாலை அதிபர். சேர்ந்தவர்களோ பதினான்கு பேர். பதினைந்தாவதாக என் பெயரை எழுதிவிட்டுக் கடைசி வாங்கில் இடம் தேடினேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள்தான் சுலக்ஷனா.

"பயப்படாதீங்க டீச்சர், எனக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

மூன்று மாதங்களில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த அவளுடைய தாய் வேலாயிக்கு இந்தப் படிப்பு பெரிய வேடிக்கை. "கொழுந்துக்குப் பிரெஞ்சு தெரியுமாடி? கூப்பிட்டா தானா வந்து கூடையில விழுமா?" என்று கேட்பார். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்குப் பிரெஞ்சில் மிகச் சிறந்த தேர்ச்சி கிடைத்தது, கணிதம் கைவிட்டது. படிப்பு அத்துடன் நின்றது.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்க, மூன்று வயது மகளுடன், தோட்டத்து வரிசை வீடான தாயின் லயத்தில் இருந்த சுலக்ஷனா, வீட்டு வேலைக்குக் குவைத் செல்ல முடிவெடுத்தாள். கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவரின் கைக்குப் போய்விட்டது. பயணத்துக்குப் பத்து நாட்களே இருந்தபோதுதான், அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டப் பிரெஞ்சு தெரிந்தவர் தேவை என்று கேள்விப்பட்டாள். அங்கே பயணிகள் பிரிவின் பொறுப்பாளரான கணேசமூர்த்தி நேரடியாகவே சொல்லிவிட்டார்:

"சனிக்கெழம பிரான்ஸ்லேருந்து பதினோரு பேர் வாறாங்க. சிரிச்ச மொகத்தோட போனாங்கன்னா வேலை ஒனக்கு. இல்லேன்னா நீ குவைத்துக்கே போ."

மகளை விட்டுப் பிரிய வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தப் பதினொரு முகங்களைப் பொறுத்ததாயிற்று. சுலக்ஷனா என்னைத் தேடி வந்தாள்.

"நீங்க சும்மா பக்கத்துல நின்னா போதும் டீச்சர். ஒங்களவிட எனக்கு நல்லாத் தெரியுங்கிற தைரியம் வந்துரும்."

அதற்காகவே சென்றேன்.

கொழுந்தை அரைக்கும் இயந்திரத்தின் முன் பதினொருவரையும் நிறுத்தினாள், வாயைத் திறந்தாள், மூடிவிட்டாள். கொழுந்தை வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல் ஆகிய எதற்கும் அருட்சகோதரி சொல் கற்பிக்கவில்லை. அவர் கற்பித்தவை அன்றாடப் பேச்சும், பெயர் கூப்பிடுவதும், எண்களும், நிறங்களும், விலங்குகளின் பெயர்களும், 'வரிசையில் நில்லுங்கள்' என்பதுமே. கணேசமூர்த்தி ஒருமுறை இருமினார். மறுமுறையும் இருமினார்.

"வரிசையில் நில்லுங்கள்" என்றாள் சுலக்ஷனா, பிரெஞ்சில்.

பதினொருவரும் நின்றார்கள். அப்படியே அவர்களை வெளியே, பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்கு நடத்திச் சென்றாள். காலையில் தொழிலாளரைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டை அங்கே, பயணிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, பிரெஞ்சில் தொடங்கினாள். ஒவ்வொருவரும் பள்ளிப் பிள்ளையைப்போலக் கையுயர்த்தி "பிரெஸான்", அதாவது 'இருக்கிறேன்', என்றார். மெதுவாகச் சொன்னவரை மீண்டும் சொல்லவைத்தாள். தேயிலைச் செடி நிரைக்கு இருவர் மூவராகப் பிரித்து, தலையில் கூடையை மாட்டி அனுப்பினாள்.

அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேலாயி, பயணிகளில் பருத்த முதியவர் ஒருவரின் கூடையை எட்டிப் பார்த்தார். "இது கொழுந்தா? கழுதகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

"உங்கள் கை உறுதியான கை என்கிறார் அம்மா" என்று மொழிபெயர்த்தாள் மகள்.

முதியவர் வேலாயியின் முகத்தை ஆராய்ந்தார். "அவர் அப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார்.

வேறு வழியின்றிக் கழுதையை முழுமையாக மொழிபெயர்த்தாள். ஓர் அம்மையார் சிரித்துச் சிரித்து, கூடையோடு நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நிறுவை. முதியவரின் கூடையைத் தராசில் மாட்டிய சுலக்ஷனா, தோட்டத்து வழக்கப்படி கூடைக்கென்று ஒரு பங்கும் ஈரத்துக்கென்று ஒரு பங்கும் கழித்தாள். கழிவு எடையையே மிஞ்சிவிட, அவர்தாம் தோட்டத்துக்கு இன்னும் ஒரு கிலோ கொழுந்து தரவேண்டும் என்று அறிவித்தாள்.

"இந்தக் கழிவுக்கு நாங்க இருவது வருசமாக் கேக்குற நியாயத்த அவரும் கேக்கட்டும்" என்றார் வேலாயி. அதுவும் மொழிபெயர்க்கப்பட்டது. அப்போது மட்டும் அவர்கள் சிரிக்கவில்லை. வேலாயியைப் பார்த்து, மெல்லத் தலை தாழ்த்தினார்கள். பின்பு முதியவர் கூடையை எடுத்துக்கொண்டு கடனடைக்க மீண்டும் மலையேறினார். மற்றவர்கள் கீழிருந்து கைதட்டி அவரை உற்சாகப்படுத்தினர். பேருந்து ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தது.

கணேசமூர்த்தி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார்.

"ஒருத்தர்கூட மெசினச் சரியாப் பாக்கலையே புள்ள."

"அடுத்த தடவ பாப்பாங்க சேர். திரும்பி வாறோம்னு சொல்லிட்டுத்தான் போறாங்க."

"சரி, திங்கக்கெழம ஏழு மணிக்கு வா. அந்தத் தராச வெளியிலயே வச்சிரு. இனி மெசினுக்குண்டான பிரெஞ்சையும் படிச்சிக்க."

சுலக்ஷனா தாயைக் கட்டிக்கொண்டாள், கூடை இடித்ததற்காகத் திட்டு வாங்கினாள், என்னையும் கட்டிக்கொண்டாள். திரும்பும் வழியில், மண்பாதை முடியும்வரை பிரெஞ்சில் ஒன்றிலிருந்து நூறு வரை உரக்க எண்ணிக்கொண்டே நடந்தாள். பெருவீதிக்கு வந்தபின்தான் தமிழுக்குத் திரும்பினாள். அன்று அவள் இறுதியாக என்னிடம் கேட்டது இது:

"டீச்சர், பாஸ்போட்டத் திருப்பித் தரச் சொல்லி ஏஜென்சிக்காரருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. பிழையில்லாத தமிழ்ல எழுதுங்க. நான் வரலேங்கிறது அவருக்கு ஒரு எழுத்து விடாம வெளங்கணும்."