கரும்பலகையில் விட்ட நடுவரிகள்

கொச்சியில் எங்கள் கல்லூரி முதல்வர் யாரையாவது கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். நல்ல செய்தியாக இருந்தால் வராந்தாவில் நிற்கவைத்தே சொல்லி முடித்துவிடுவார். என்னை உட்காரச் சொன்னதோடு நிற்காமல் சாயாவும் வரவழைத்தார்.

களமசேரியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். புதிய பாடத்திட்டத்தில் கணிதம் தனியாக ஒரு மூலையில் நிற்கக் கூடாதாம். வேதியியல், தாவரவியல், பொருளியல் என்று எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்க வேண்டுமாம். அதற்கு முதலில் அந்தந்தத் துறை ஆசிரியர்களுக்கே தங்கள் பாடத்தில் இருக்கும் கணிதம் பிடிபட வேண்டும். எனவே ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு நான் அவர்களுடன் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். இவ்வளவு பொறுமை உங்களுக்குத்தான் உண்டு என்றார். எட்டு வருடத்தில் என் பொறுமை அவர் கண்ணில் பட்டது அன்றுதான்.

நான் அங்கே கெஸ்ட் ஆசிரியை. நிரந்தர வேலையில் இருப்பவர்களை யாரும் அசைக்க முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் நேர்காணல். கணிதத் துறைக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்று அலுவலகத்தில் கூட்டிப் பார்ப்பார்கள். நிரந்தர ஆசிரியர்களுக்குக் கொடுத்தது போக மீதம் இருந்தால்தான் எனக்கு இடம். அந்த மீதம் இரண்டே இடத்திலிருந்து வந்தது: வேதியியல் பிள்ளைகளுக்கு நான் எடுத்த கணிதம், தாவரவியல் பிள்ளைகளுக்கு நான் எடுத்த புள்ளியியல். அந்த ஆசிரியர்களே அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் நான் எதற்கு? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே, சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாட்டேன் என்று சொல்லும் கெஸ்ட் ஆசிரியையை ஜூனில் யார் கூப்பிடுவார்கள்?

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். அவருக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நாள் முழுக்க இறக்கி ஏற்றும் இடம் அது. அதனால் அவருக்கு யார் மேலும் சந்தேகம் வராது. எனக்கோ, பால்காரர் ஒரு நாள் கூடுதலாகச் சிரித்தால்கூட லாக்டோமீட்டர் நினைவு வரும்.

முதல் புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள். முதல்வர் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, ஏற்பாடு செய்திருந்தார். அடுத்த புதன்கிழமை பழம்பொரி இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். தாவரவியல் டீச்சரும் வேதியியல் சாரும். மற்ற துறைக்காரர்கள் வராததில் எனக்கு நிம்மதி இல்லை. என் பிழைப்பு எந்த இரண்டு துறையில் இருந்ததோ, அந்த இரண்டிலிருந்து மட்டும் சொல்லிவைத்தாற்போல் வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

தாவரவியல் டீச்சர் மேல் இருந்த சந்தேகம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. அவருக்குக் கணிதம் என்றால் நேரடியான பயம்; அதை மறைக்கவும் தெரியாது. கூட்டலில் தப்பு வந்தால் மலையாளத்தில் தன்னையே திட்டிக்கொள்வார். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். அதைத்தான் அவர் தன் மாணவிகளை வைத்து வாராவாரம் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார். அந்த அளவுகளைக் கொண்டுவரச் சொன்னேன். இருப்பது எவ்வளவோ அதற்கேற்பத்தான் புதிதாக வளர்கிறது, அதனால்தான் முதலில் மெதுவாகவும் பிறகு தலைதெறிக்கவும் பரவுகிறது என்று காட்டினேன். அந்த அளவுகளுக்கு லாக், அதாவது மடக்கை, எடுத்துத் தாளில் புள்ளி வைத்தபோது அந்த வளைகோடு நேர்கோடாக வந்து நின்றது. அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, மறுபடியும் வைத்துப் பார்த்தார். அவரிடம் நான் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தோன்றவில்லை.

வேதியியல் சார் வேறு மாதிரி. பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மட்டாஞ்சேரியில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான், பாதி மலையாளம் ஏறிய தமிழ். ஆனால் எட்டு வருடத்தில் அவர் என்னிடம் தமிழில் பேசியது நாலைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. இப்போது புதன்கிழமை தோறும் தமிழ். மூன்று மணிக்கு வகுப்பு என்றால் இரண்டேமுக்காலுக்கே வந்து முன்பெஞ்சில் இருப்பார். நீள நோட்டில் தேதி போட்டு எழுதுவார். நான் அழிப்பதற்குள் கரும்பலகையைப் போனில் படம் எடுப்பார். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்து, இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்பார். இவ்வளவு எதற்கு? துறைக்காகக் குறிப்பு தயாரிக்கிறார், அடுத்த ஜூனில் என் வகுப்பை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நாள் முதல்வர் அறையிலிருந்து அதே நீள நோட்டுடன் அவர் வெளியே வந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேண்டாதவருக்குச் சொல்லித்தராமலே சொல்லித்தந்த மாதிரி இருக்கலாம். முதல் வரியை எழுதி, கடைசி வரியை எழுதி, நடுவில் "இது தெளிவு" என்று சொல்லிவிட வேண்டியதுதான். கேட்கிறவருக்கு மேலே கேட்க வெட்கமாகிவிடும். ஊரில் எல்லோருக்கும் தெளிவாக இருப்பது தனக்கு மட்டும் தெளிவாக இல்லையே என்று வாயை மூடிக்கொள்வார். வேதிவினையின் வேகத்தைப் பற்றிய பாடம் வந்தபோது நான் அதைத்தான் செய்தேன். அதுவும் வாய்க்கால் தாமரை மாதிரியேதான், வளர்வதற்குப் பதில் குறைவது என்பது மட்டும் வித்தியாசம். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நான் சமன்பாட்டை எழுதினேன், தொகையிட்டால் மடக்கை வரும் என்றேன், தெளிவு என்றேன், அழித்தேன். அடுத்த வாரம் அவர் திரும்பக் கேட்டார். திரும்ப அதே இரண்டு வரி, அதே தெளிவு. மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. போனையும் வெளியே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. அன்று படகுத்துறைப் பக்கம் நடந்து போய் ஒரு சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் முதல்வர் ஒரு படிவம் கொடுத்தார். வந்த இரண்டு பேரும் நிரப்பித் தர வேண்டும். மூன்றாவது கேள்வி இது: உங்கள் பாடத்தில் உள்ள கணிதப் பகுதியை இனி உங்கள் துறையே கற்பிக்க இயலுமா? ஆம் அல்லது இல்லை. நான் நேராக அவர் அறைக்குப் போய், இதற்கு இருவரும் ஆம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி விளக்கினார். ஒருவர் ஆம் என்றால் பாதி மணி நேரம் போகும், மீதியை வைத்து எப்படியாவது சமாளிக்கலாம். இருவரும் ஆம் என்றால் ஜூனில் கணிதத்துக்குக் கெஸ்ட் தேவைப்படாது. உங்கள் வேலையை நீங்கள் நன்றாகச் செய்ததாகத்தான் அதற்கு அர்த்தம் என்றும் சேர்த்துக்கொண்டார். என் சந்தேகம் முதல்வர் விஷயத்தில் அரிசி அளவுகூடத் தப்பவில்லை.

தாவரவியல் டீச்சர் மறுநாளே ஆம் என்று எழுதிவிட்டார். எழுதியதோடு, ஒரு பத்தி நிறைய என்னைப் புகழ்ந்து, அதை எனக்குப் படித்தும் காட்டினார். படிக்கும்போது அவருக்கே கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. அவரைக் குறை சொல்ல முடியுமா? நான் சொல்லிக்கொடுத்தேன், அவர் கற்றுக்கொண்டார்.

ஆக, வேதியியல் சார் கையில்தான் மீதி இருந்தது. அவர் என்ன எழுதுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசிப் புதன்கிழமை இரண்டேமுக்காலுக்கு அவர் மட்டும் வந்திருந்தார். எதிர்க் கிடங்கில் சுக்கு மூட்டை இறக்கும் நெடி வந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டு, படிவத்தை என் மேசைமேல் வைத்தார். ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது கேள்விக்கு எதிரே இல்லை என்று எழுதியிருந்தது. அதன் கீழே மலையாளத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு வரி. எல்லா வகுப்புக்கும் ஒழுங்காக வந்தேன், ஆசிரியையின் மேல் எந்தக் குறையும் இல்லை, எனக்குத்தான் ஏறவில்லை.

"டீச்சர் பேருக்கு ஒரு தோஷமும் வரக் கூடாது, பாத்தேளா. அதனாலே என் தலைமேலே எழுதியாச்சு," என்றார். பிறகு தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். இருபது வருடத்துக்கும் மேலாக அந்தப் பாடத்தை எடுக்கிறார். எவ்வளவு பொருளில் தொடங்கினாலும் அது பாதியாகக் குறைய ஒரே நேரம்தான் ஆகும் என்று சொல்லிக்கொடுக்கிறார். போன வருடம் ஒரு மாணவி, ஏன் சார் என்று கேட்டாள். பரீட்சைக்கு வராது என்று அவளை உட்கார வைத்துவிட்டார். அவள் உட்கார்ந்த விதம் அவருக்கு மறக்கவில்லை. முதல்வர் அறைக்குப் போனது, தனக்காக இந்த வகுப்பை இன்னும் ஒரு மாதம் நீட்டித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான். என் முன்னால் நோட்டை மறைத்தது வெட்கத்தினால்.

அந்தத் தாள் அப்படியே ஆபீசுக்குப் போனால் ஜூனில் எனக்கு வேலை உண்டு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார், நன்றியும் சொல்லுவார். இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இதில் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியை மறுபடி படித்தேன்.

"சார், உங்களுக்கு ஏறாமே இல்லே. நான் சொல்லித் தரல்லே. நடுவிலே உள்ளதை வேணும்னே விட்டேன்," என்றேன்.

ஏன் என்று அவர் கேட்பார், சொல்ல வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு நோட்டைத் திறந்து தேதி போட்டார்.

நான் சாக்பீஸை எடுத்தேன். ஒவ்வொரு நிமிடமும் குடுவையில் மிச்சம் இருப்பதில் ஒரே பங்குதான் குறைகிறது என்பதில் ஆரம்பித்தேன். மிச்சம் பாதியானால் குறைவதும் பாதியாகும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று எழுதிப்போனேன். பிறகு நிமிடத்தை இன்னும் இன்னும் சிறிதாக நறுக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் மடக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வரியும் விடாமல் போட்டேன். தெளிவு என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மொத்தம் அரை மணி நேரம். இத்தனை நாளாக நான் அவரிடம் ஒளித்துவைத்தது அவ்வளவுதான்.

அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, பத்து கிராமுக்கு ஒரு தடவையும் நூறு கிராமுக்கு ஒரு தடவையும் தானே போட்டுப் பார்த்தார். இரண்டிலும் அதே நேரம் வந்தது.

"கூட இருந்தா கூடப் போகும், கொறச்சல் இருந்தா கொறச்சல்தான் போகும். அதான் நேரம் மாறல்லே," என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. "அப்போ நான் மண்டு இல்லேதானே டீச்சர்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவருக்குக் கெஸ்ட் ஆசிரியர்களின் ஜூன் மாதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் யாருக்கும் தெரிவதில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த மூன்றாவது கேள்வியைப் பார்த்துச் சிரித்தார். இனி இதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டீச்சருக்கு அநியாயம் என்றார். சட்டைப்பையைத் தடவினார். பேனா வைத்த இடம் தெரியவில்லை. என் பேனாவைக் கேட்டார்.

கொடுத்தேன்.