சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கதிர்வீச்சு சிகிச்சைக்காக என் நெஞ்சில் போட்டிருந்த மைக்கோடுகளை, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து அழித்துவிட்டேன்.

இன்று ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியதும் சேகருக்கு முகம் செத்துவிட்டது.

அவர் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை இஞ்சினியர் வேலை போய், நாற்பது வயதில் இந்தக் கதிர்வீச்சு வேலைக்காக மேற்படிப்பு படிக்கிறவர். கோட்டைப் பார்த்து என்னைச் சரியாகப் படுக்க வைப்பதுதான் இன்று அவருக்குப் பரீட்சை.

"கோடு எங்கண்ணே?"

"சீயக்காயோட போயிருச்சு லா. நீதான் படிச்சவனாச்சே, குத்துமதிப்பா வையேன்."

பரீட்சை வைக்க வந்த மேடம் சிரிக்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் கோடு போட வேண்டும் என்று சொல்லி, பரீட்சையை நிறுத்திவிட்டார்.

"இனிமே பரீட்சை ஆறு மாசம் கழிச்சுதாண்ணே," என்றார் சேகர்.

"அப்பவும் நானே வந்து படுக்கறேன். குளிக்கவே மாட்டேன், சத்தியமா."

ஆறு மாதம் நான் தாங்கமாட்டேன் என்று டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மூக்குக்கண்ணாடி அதில்தான் இருந்தது.

இப்போது ஃபெர்ரியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பட்டர்வொர்த்தில் சீக்கிரம் கண்ணாடி செய்து தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.