டிஸ்சார்ஜ்

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளாக்கராக இருந்தேன். வார்டில் நோயாளிகளின் விவரங்களைப் பதிவதும், தமிழ் தெரியாத டாக்டர் சொல்வதைத் தோட்டத்து ஆட்களுக்கு எடுத்துச் சொல்வதும் என் வேலை.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நிமோனியாவோடு ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிள்ளை பெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒரு புதன்கிழமை காலை டாக்டர் அவள் நெஞ்சைச் சோதித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரத்தில் நான், "வெள்ளிக்கிழமை உங்களுக்கு டிஸ்சார்ஜ்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. தேடியும் அவள் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் தம் மாட்டுவண்டியில் அவளைக் கொண்டுவந்தார். தலாத்துஓயாவைத் தாண்டி, மழையில் ரோட்டோரம் விழுந்து கிடந்தாளாம். "ஆஸ்பத்திரிச் சேலை உடுத்திருந்தா. அதான் இங்கயே கொண்டு வந்தன். மேலெல்லாம் நெருப்பாக் கொதிக்குது" என்றார். அவளை இறக்கிப் படுக்க வைக்கும்வரை கூடவே நின்றார்.

ஐந்தாம் நாள் அவளால் பேச முடிந்தது. ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானே ஐயா டிஸ்சார்ஜ்னு சொன்னீங்க. போன மாசம் எங்க லயத்துல மூணு வீட்டுக்கு டிஸ்சார்ஜ். சட்டி பானையெல்லாம் ரோட்டுல தூக்கிப் போட்டாங்க. புள்ளை அங்க கெடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடணும்னு நடந்தேன்."

அவள் அறிந்த ஒரே டிஸ்சார்ஜ், தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டு, வேலையிலிருந்து நீக்கி, லயத்து வரிசை வீட்டைவிட்டு வெளியேற்றுவது. சுகமாகிவிட்டீர்கள், வீட்டுக்குப் போகலாம் என்பதே நான் சொல்ல வேண்டியிருந்தது. அதை அப்போதுதான் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் டாக்டரின் அறையிலிருந்த பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லின் கீழ் இருந்த பொருள்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் ஓடின. துப்பாக்கி சுடுவதும் அதுதான், புண்ணிலிருந்து சீழ் வடிவதும் அதுதான். கைதியை விடுவிப்பது, வேலையாளை நீக்குவது, நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் அதே சொல். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, வண்டியில் ஏற்றிய பாரத்தை இறக்குவது என்பதே மூலப்பொருள் என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இனி நோயாளியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நிமோனியா மறுபடி நெஞ்சைப் பிடித்து அவள் இன்னும் ஐந்து வாரம் கிடந்தாள். அதற்குள் பால் வற்றிவிட்டது. போகிற நாளில் கணவனும் நாத்தனாரும் குழந்தையோடு வந்தார்கள். அவள் கையை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்து வீரிட்டு அழுது, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நாத்தனார் சங்கடப்பட்டு, "பழகிக்கிடும் அண்ணி" என்றாள்.

அவள் அழவில்லை. கையை மெல்ல மடக்கிக்கொண்டு, "அத்தைகிட்டயே இருக்கட்டும், பயப்படுது" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னைக் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கும்பிடைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் வரை அவளுடைய துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.